பல்லைப் பார்த்துத் தொழில் சொன்ன கதை

கள ஆய்வுக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. உங்கள் வாயை நீங்கள் கடைசியாகக் கண்ணாடியில் நன்றாகத் திறந்து பார்த்தது எப்போது? பல் மருத்துவம் படித்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று முகத்தைச் சுளிப்பீர்கள். நானும் சுளித்திருப்பேன். முப்பது வருடம் ஊரார் வாயைப் பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். என் வாயைப் பார்த்தது ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போதுதான். அதற்கும் ஒரு பனியன் கம்பெனி தேவைப்பட்டது.

பல்லை எப்படி எண்ணுவது, ஈறை எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாத சமாச்சாரம். ஆய்வு என்றால் கருவியைக் கொதிக்க வைத்து, படிவத்தை அடுக்கி, டார்ச்சுக்கு பேட்டரி போட்டுக் கொண்டு போனால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாம் பார்க்கப் போவது பல்லை. ஆனால் நாற்காலியில் வந்து உட்காருவது ஒரு முழு மனுஷி.

திருப்பூரில் என் முதல் பரிசோதனை நாளைச் சொன்னால் சிரிப்பீர்கள். தொழிலாளர்கள் எவ்வளவு சுத்தமாகப் பல் விளக்குகிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தோம். அத்தனை பேர் வாயும் பளிச்சென்று இருந்தது. இந்தப் பக்கத்து ஜனங்களைப் போலப் பல் விளக்குகிறவர்கள் உலகத்திலேயே கிடையாது என்று எழுதிவிட இருந்தேன். நல்லவேளையாக ஒரு பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டாள். “நான் லேட்டா வந்துட்டனுங்க. மைக்ல சொன்னாங்களே, அப்பப் பல்லு வெளக்கப் போகலீங்க.” எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக் காலையில் கம்பெனிக்காரர்களே எல்லோரையும் குழாயடிக்கு அனுப்பி விளக்க வைத்திருக்கிறார்கள்! அன்றைய படிவங்களையெல்லாம் அப்படியே மூட்டை கட்டினோம். அன்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்லப் போவது சிரித்துவிட்டு வர முடியாத தவறு.

என்னிடம் முதுநிலை படித்துக் கொண்டிருந்த நிவேதாவின் ஆய்வேடு அது. தையல்காரர்கள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள். வருடக்கணக்கில் அப்படிச் செய்தால் முன்பல்லின் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். அரம் வைத்து ஒரு இழுப்பு இழுத்தது மாதிரி இருக்கும். பனியன் கம்பெனிகளில் எத்தனை டைலர்களுக்கு அது இருக்கிறது, மெஷினில் உட்காராத செக்கிங் பெண்களுக்கு எவ்வளவு குறைவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம். செக்கிங் என்றால் தைத்து முடித்த பீஸை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கும் வேலை.

நான்கு கம்பெனிகள் வாசலோடு திருப்பி அனுப்பின. ஐந்தாவது கம்பெனியில் ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் சரி என்றார். ஊத்துக்குளிப் பக்கத்துக்காரர், பேச்சில் வெண்ணெய் வழியும். கேண்டீனைக் கொடுத்தார், இரண்டு ஃபேன் போட்டுக் கொடுத்தார், பதினோரு மணிக்கு டீயும் போண்டாவும் தவறாமல் வந்தன. நிவேதாவுக்கு ஆய்வேடு சமர்ப்பிக்க அதிக நாள் இல்லை. இந்த ஒரு கம்பெனி கைவிட்டால் அவளுடைய படிப்பே ஆறு மாதம் தள்ளிப் போகும் நிலைமை.

முதல் நாள் காலையில் நானே மைக்கைப் பிடித்து ஒப்புதல் படிவத்தை வாசித்தேன். உங்கள் வாயில் பார்ப்பதை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று அதில் ஒரு வரி உண்டு. தெளிவாக, நிறுத்தி, இரண்டு தடவை வாசித்தேன்.

அப்புறம் பரிசோதனை தொடங்கியது. நான் பார்த்துச் சொல்லச் சொல்ல நிவேதா எழுதிக் கொண்டாள். நாற்பது வாய் பார்த்ததும் எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. ஒரு பெண்ணின் பல்லில் ஆழமாகப் பள்ளம் இருந்ததைப் பார்த்து, விளையாட்டாக, “ஓவர்லாக் மெஷினா? பத்து வருஷம் இருக்குமா?” என்றேன். “அய்யோ, எப்படீங்க சொல்றீங்க?” என்று அவள் வாயைப் பொத்திக் கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்தவளுக்கும் சொன்னேன், அதுவும் சரியாகவே இருந்தது. அவ்வளவுதான், கேண்டீன் களைகட்டிவிட்டது. கிளி ஜோசியக்காரனுக்குக் கூடுகிற மாதிரி கூட்டம் கூடியது. “டாக்டரம்மா பல்லப் பாத்தே எல்லாஞ் சொல்றாங்கடி” என்று ஒருத்தி இன்னொருத்தியை இழுத்து வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. துறைத்தலைவி என்ற பெயரை வைத்துக் கொண்டு அத்தனை வருடத்தில் எனக்கு இப்படிக் கைதட்டல் கிடைத்ததே இல்லை.

செக்கிங் பெண்களின் முறை வந்தது. அதில் ஒருவர் சந்தனமாரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடும்பத்தோடு இங்கே தங்கிவிட்டவர். வாயைத் திறந்தார். மேல் முன்பல்லில் பள்ளம் அன்று பார்த்ததிலேயே பெரியதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார். பார்வையாளர் ஒருவர் கூடியதும் எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

“செக்கிங்னு எழுதியிருக்கு? சும்மா சொல்லாதீங்க. பதினஞ்சு வருஷம் மெஷின்ல உக்காந்த பல்லு இது” என்றேன் சத்தமாக.

எல்லோரும் சிரித்தார்கள். சந்தனமாரி சிரிக்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக் கொண்டு, மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்து போனார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அடுத்த ஆளை உட்காரச் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்க மேடம், ஒரு சின்ன ஒதவிங்க. டைலர் கெடைக்காம நாங்க படற பாடு உங்களுக்குத் தெரியாதுங்க. ஷிப்மெண்ட் தலைக்கு மேல நிக்குது. செக்கிங்ல இருக்கறவங்கள்ல யாராருக்குப் பல்லுல அந்தப் பள்ளம் இருக்குதுன்னு ஒரு லிஸ்ட் மட்டும் கொடுத்துப்போடுங்க. மெஷின் ஓட்டத் தெரிஞ்சிருந்தும் மேசையில நின்னுட்டு இருக்கறாங்க பாருங்க, அவங்களை உக்கார வெச்சுக்கலாமுங்க.”

பணிவாகத்தான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு ஆள் வேண்டும், நான் ஆள் கண்டுபிடிக்கும் வித்தை காட்டியிருக்கிறேன், கேட்கிறார். காலையில் நான் மைக்கில் இரண்டு தடவை வாசித்த வரி என் மடியில் இருந்த படிவத்திலேயே இருந்தது. முடியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நிவேதாவைப் பார்த்தேன், அடுக்கி வைத்திருந்த வெற்றுப் படிவங்களைப் பார்த்தேன், இன்னும் பாதிப் பேர் பாக்கி என்று கணக்குப் போட்டேன். “நாளைக்குச் சொல்றனுங்க” என்றேன்.

பல்லைப் பார்த்து உளறியது வாய்க்கொழுப்பு. இது கோழைத்தனம். இரண்டில் எதற்கு நான் அதிகம் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால் இரண்டாவதற்குத்தான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு நாங்கள் காரில் பெட்டியை ஏற்றும்போது கேட்டுக்குப் பக்கத்தில் சந்தனமாரி நின்று கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடையை இடது கையில் பிடித்திருந்தார். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது.

“டாக்டரம்மா, நாளைக்குக் காலையில என்னைய பேட்லாக் மெஷின்ல உக்காரச் சொல்லிட்டாரு மேனேஜர். நீங்க சொன்னதுனாலதான்.”

பேட்லாக் என்பது பனியனின் ஓரம் மடித்துத் தைக்கிற மெஷின். டைலருக்கு அதில் சம்பளமும் கூட. நல்லதுதானே என்று ஏதோ சொல்லப் போனேன். அவர் விடவில்லை.

“பதினெட்டு வருசம் தச்சவதான் நான். இல்லன்னு சொல்லல. கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு. குனிஞ்சு ரெண்டு மணி நேரம் உக்காந்தா இந்தக் கை மரத்துப் போவுது. இன்னும் தச்சா கையி விளங்காமப் போயிரும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாக. அதுக்காவத்தான் பழைய கம்பெனிய விட்டுட்டு, இங்க தையலே தெரியாதுன்னு சொல்லிச் செக்கிங்ல சேந்தேன். சம்பளம் கொறச்சலுன்னு தெரிஞ்சுதான் சேந்தேன். டைலருன்னு தெரிஞ்சா விடுவாகளா? நான் உங்ககிட்ட வாயத்தான காட்டுனேன். அத எதுக்கு அவருகிட்டச் சொன்னீய?”

பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அத்தனை வருட உத்தியோகத்தில் ஒருவர் என்னைக் கேட்ட மிக நியாயமான கேள்வி அது.

நிவேதாதான் பேசினாள். அவளுக்கு வேறொரு சந்தேகம் வந்திருந்தது. “அக்கா, நீங்க தைக்கும்போது நூலைப் பல்லால கடிப்பீங்களா?”

“டிரிம்மர் இருக்கையில எதுக்குக் கடிக்கேன்? ஒருநாளும் கடிச்சதில்ல.” நூல் வெட்டும் சின்னக் கத்தரியைத்தான் டிரிம்மர் என்கிறார்கள். “இது பூ கட்டுன பல்லும்மா. எங்கம்மா கோயில் வாசல்ல பூ வித்தாக. பத்து வயசுலருந்து கட்டிக் கட்டி, நூலக் கடிச்சுக் கடிச்சு இப்படி ஆயிட்டு. இப்பவும் ஞாயித்துக்கிழமை கட்டுதேன்.”

நானும் நிவேதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். பல்லைப் பார்த்து டைலர் என்றேன், அவர் டைலர்தான். ஆனால் அந்தப் பள்ளத்துக்கும் தையலுக்கும் சம்பந்தமே இல்லை! தப்பான வழியில் போய்ச் சரியான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். அதைவிடப் பெரிய அடி, எங்கள் படிவத்தில் பூ கட்டுவீர்களா என்று ஒரு கேள்விகூட இல்லை. எங்கள் பட்டியலில் பாதிப் பெண்கள் பூ கட்டுகிறவர்களாக இருந்தால் ஒப்பீடு என்ன ஆவது?

சந்தனமாரியிடம், நாளைக்கு நான் ஏதாவது செய்கிறேன் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. நம்பவும் நான் ஒரு காரணமும் கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டுக் கொண்டிருந்தேன். ஒரு கையில் கொண்டை, இன்னொரு கையில் ஹேர்பின். கல்லூரி நாளிலிருந்து செய்வது போல் பின்னை வாயில் வைத்து, முன்பல்லால் பிரித்து, தலையில் செருகினேன். செருகிய கை அப்படியே நின்றது. டார்ச்சை எடுத்து வந்து என் வாயைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மேல் முன்பல்லில், அழகாக, ஒரு பள்ளம். அன்றுவரை மெஷினில் உட்கார்ந்து ஒரு தையல்கூடப் போடாதவள் நான்.

பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போனபோது சந்தனமாரி பேட்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கேண்டீனிலிருந்து கண்ணாடித் தடுப்பு வழியாகத் தெரிந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வலது கையை உதறிக் கொண்டிருந்தார். மேனேஜர் எனக்காகக் காத்திருந்தார். நான் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் மைக்கை வாங்கினேன். அது கம்பெனி முழுக்கக் கேட்கும் மைக்.

“எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். நேத்து நான் பல்லைப் பார்த்து வேலை சொன்னேன். அது தப்பு. இந்தப் பள்ளம் நூல் கடிச்சாலும் விழும், பூ கட்டினாலும் விழும், ஹேர்பின்னைப் பல்லால பிரிச்சாலும் விழும். பல்லைப் பார்த்து யாரு டைலர்னு யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது. யாரும் என் பேச்சை வெச்சு முடிவு எடுக்க வேண்டாம்.”

மேனேஜர் முகத்தில் குழப்பம். நான் நாற்காலியில் உட்கார்ந்து, நிவேதாவிடம் டார்ச்சைக் கொடுத்து, வாயைத் திறந்தேன். அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மைக் முன்னாலேயே படித்தாள். “மேல் முன்பல், வலது பக்கம், பள்ளம் இருக்கு. ஆழமா இருக்கு மேடம்.” அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சேர்த்திருக்க வேண்டாம்.

“சொல்லுங்க சார், என்னை எந்த மெஷின்ல உக்கார வைக்கலாம்?” என்றேன்.

கேண்டீன் அதிர்ந்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். ஆனால் விவரமான ஆள். சிரிப்பு அடங்கியதும் கேட்டார். “அது சரீங்க மேடம். அப்ப அந்தம்மா டைலர் இல்லீங்களா?”

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அந்தப் பெண்ணை இரண்டாவது தடவை காட்டிக் கொடுத்தவள் ஆவேன். பல்லைப் பற்றி மைக்கில் உண்மையைச் சொல்லிவிட்டு, மனுஷியைப் பற்றிப் பொய் சொன்னால் எது நிற்கும்? நிவேதாவின் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

“தெரிஞ்சாலும் சொல்ல மாட்டனுங்க. நீங்க கேட்ட லிஸ்டும் தர மாட்டேன். அதை நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லலை, தப்பு என்னோடது. இவங்க எங்கிட்ட வாயைத் திறந்தது யாருக்கும் சொல்ல மாட்டேன்னு நான் வாசிச்சதை நம்பி. உங்களுக்கு இது சரிப்படலைன்னா நாங்க இப்பவே கெளம்பிக்கறோம்.”

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். அத்தனையும் மெஷின் பக்கம் கேட்டிருக்கிறது. சந்தனமாரி எழுந்து வந்து கேண்டீன் வாசலில் நின்றார்.

“டைலருதான் சார். பதினெட்டு வருசம். கழுத்து போயிட்டு, கை மரத்துப் போவுது. செக்கிங்ல எவ்வளவு நேரம்னாலும் நிப்பேன். மெஷின்ல உக்கார மாட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, பையத் தூக்கிட்டுப் போயிருதேன்.”

“இதை என்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்கம்மா?”

“சொல்லியிருந்தா செக்கிங்ல சேத்திருப்பியளா?”

மேனேஜர் கையிலிருந்த காலி டீ டம்ளரைச் சுற்றிக் கொண்டே இருந்தார். கடைசியில் டம்ளரை மேஜையில் வைத்தார். “போங்கம்மா. செக்கிங்குக்கே போங்க.” என் பக்கம் திரும்பி, “நீங்க பல்லப் பாருங்க மேடம். எனக்கு வேணுங்கற ஆளை நான் வேற வழியில பாத்துக்கறனுங்க” என்றார். பதினோரு மணிக்கு வழக்கம்போல போண்டா வந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

அவர் பார்த்த வேறு வழி என்ன தெரியுமா? மத்தியானம் அதே மைக்கில், தையல் தெரிந்து மெஷினுக்கு வர விருப்பம் இருப்பவர்கள் ஆபீசுக்கு வரலாம் என்று அறிவித்தார். இரண்டு பெண்கள் தாங்களாகவே போனார்கள். அவர்களுக்கு மெஷின் வேலைதான் பிடித்திருந்தது, இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. அவர்கள் இருவர் பல்லிலும் பள்ளமே இல்லை என்று நிவேதா என் காதில் சொன்னாள்.

அவளுக்குத்தான் வேலை இரட்டிப்பானது. முதல் நாள் பார்த்த அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டு, பூ, ஹேர்பின், என்னென்ன கடிப்பீர்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. முகம் சுளிக்காமல் கேட்டாள். ஆய்வேட்டின் முடிவும் சின்னதாகத்தான் வந்தது. பல்லில் இருக்கும் பள்ளத்தை வைத்து ஒருவருடைய தொழிலைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “இவ்வளவு பாடுபட்டு, சொல்ல முடியாதுன்னு சொல்லவா?” என்று கேட்டார். “ஆமாம் சார். சொல்லிடலாம்னு நாங்களே நெனச்சிட்டிருந்தோம்” என்றாள். அந்தப் பதிலுக்கே அவளுக்கு மதிப்பெண் போட்டிருக்கலாம். என் ஆய்வு வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இன்றும் அதுதான்.

கம்பெனியில் எங்கள் கடைசி நாளன்று சந்தனமாரி வந்தார். வாழை இலையில் சுற்றிய ஒரு முழம் மல்லிகைச்சரம். “நான் கட்டுனது” என்று நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. சரத்தின் முனையில் நூல் ஒரு சாண் நீளம் தொங்கியது. தலையில் வைத்தால் கழுத்தில் உரசும். எங்கள் பெட்டியில் கண்ணாடி இருந்தது, டார்ச் இருந்தது, கத்தரி மட்டும் இல்லை. தேடிக் கொண்டிருந்தேன்.

“கத்தரி எதுக்கு டாக்டரம்மா? உங்களுக்குத்தான் பல்லு இருக்கே” என்றார்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். நூலை முன்பல்லில் வைத்துக் கடித்தேன். ஒரே கடியில் அறுந்தது. சந்தனமாரி தட்டிலிருந்த என் டார்ச்சை எடுத்தார். “எங்க, ஆ காட்டுங்க” என்றார். நான் வாயைத் திறந்தேன். இடது கையால் டார்ச்சைப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தார்.

“ஒங்க வாயில எல்லாம் பாத்துட்டேன்” என்றார். டார்ச்சை அணைத்துத் தட்டில் வைத்தார். “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”